கார்டு டெஸ்டில் ஒரே கோடு, விடிந்ததும் 480: ஒளிரும் நானோ துகள் வந்தால் இது மாறுமா?

அல்சூர் மீனா | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிற ஆள். இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சில் பாரம். வயது 67. இரவு பரோட்டா சாப்பிட்டிருந்தார், அதனால் வாயு என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். பெருங்காயம் போட்ட மோர் குடித்தும் அடங்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கெல்லாம் பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் இருந்தோம். ஈசிஜி எடுத்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். அப்புறம் விரல் நீள பிளாஸ்டிக் கார்டு ஒன்றில் மூன்று சொட்டு ரத்தம் விட்டார்கள். கர்ப்பம் பார்க்கிற கார்டு மாதிரியே இருந்தது. கால் மணி நேரத்தில் ஒரே ஒரு கோடு. "ட்ரோபோனின் நெகட்டிவ், ஹார்ட் சுத்தமாக இருக்கிறது" என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. ஆட்டோ பிடித்து ஓர் இதய மருத்துவமனைக்கு ஓடினோம். 6 மணிக்கு எடுத்த ரத்தத்தில் அந்த ட்ரோபோனின், அதாவது இதயத் தசை சேதத்தைக் காட்டும் புரதம், 480. 9 மணிக்கு 1,900-ஐத் தாண்டியது. அன்று மாலையே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். இப்போது நன்றாக இருக்கிறார், ஏரியைச் சுற்றி நடக்கிறார், பரோட்டாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

என் கேள்வி இதுதான். ஒளிரும் நானோ துகள்களை வைத்து ஒரு சொட்டு ரத்தத்தில் மாரடைப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று மச்சான் ஒரு செய்தி அனுப்பினார். அப்படி ஒன்று அன்றிரவு அந்த நர்சிங் ஹோமில் இருந்திருந்தால் அப்பா தப்பாக வீடு திரும்பியிருக்க மாட்டாரா? இன்னொன்று: கார்டு வந்த உறையைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் 0.5 என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு 480. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இருந்தும் கார்டு எப்படிக் கோட்டைவிட்டது?

---

சிவப்புமூடி | ஞாயிறு, இரவு 10.05

மீனா மேடம், லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறவன் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். உறையை மறுபடி பாருங்கள். 0.5-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் யூனிட் இருக்கும். அது ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம். பெரிய லேப் தந்த 480 ஒரு லிட்டருக்கு இத்தனை நானோகிராம். அப்பாவின் 480-ஐக் கார்டின் கணக்குக்கு மாற்றினால் 0.48.

அதாவது காலை 6 மணி ரத்தத்தை அதே கார்டில் விட்டிருந்தாலும் அது 0.5-ஐத் தொட்டிருக்காது. ஒரே கோடுதான் வந்திருக்கும். இல்லை, இரண்டாவது கோடு கொசுவின் கால் தடிமனில் வந்திருக்கும், அதை யார் எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள் என்பதில் தலைவிதி தொங்கும்.

இந்த கார்டுகளோடு எனக்குப் பழைய சண்டை. லேசான கோடும் கோடுதான் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஆனால் இரவு ஒரு மணிக்கு, மினுக்கும் டியூப்லைட்டின் கீழே, கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போது இருக்கிற கோடு மறையும், இல்லாத கோடு தெரியும். அரை மணி கழித்துப் பார்த்தால் காய்ந்த தாளில் புதிதாக ஒரு நிழல் விழுந்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஆனால் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

அல்சூர் மீனா | ஞாயிறு, இரவு 10.21

இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை நாள் அந்த கார்டு பழுதானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, இல்லையா?

---

வழிப்போக்கன் | ஞாயிறு, இரவு 10.30

பாதி நெஞ்சுவலி வாயுதான். எங்கள் வீட்டில் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் டெஸ்ட் என்று ஓடினால் சம்பளம் போதாது.

---

நைட் டூட்டி | ஞாயிறு, இரவு 11.48

வழிப்போக்கன், நீங்கள் சொல்லும் அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு வேண்டிய ஒரு மணி நேரம். நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்கு இழுப்பு என்றால் ஓமத்தண்ணீருக்கு முன்னால் 108. மீதியை வேலை முடிந்து எழுதுகிறேன், வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

---

இருட்டறை | திங்கள், காலை 7.15

மீனா அக்கா, நான் வடக்கு பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இந்தத் துகள்களைச் சமைக்கிற பிஎச்டி மாணவன். ஐந்தாவது வருடம், அதனால் நடுவில் கொஞ்சம் புலம்பலும் வரும்.

முதலில் அந்த கார்டு. ட்ரோபோனின் என்பது இதயத் தசை சுருங்கி விரிவதை நடத்தும் புரதக் கூட்டம். அதில் ஐ, டி என்ற இரண்டும் இதயத்துக்கென்று தனி வடிவத்தில் இருக்கின்றன. தசை செல் சேதமானால் ரத்தத்தில் கசியும். கார்டில் அதைப் பிடிக்க இரண்டு ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடிக்கும் புரதங்கள். ஒன்றைத் தாளில் கோடாக இழுத்து ஒட்டியிருப்பார்கள். மற்றொன்று 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ட்ரோபோனின் வந்தால் இரண்டும் அதை இருபுறமும் பிடித்துக்கொள்ள, தங்கம் கோட்டில் குவியும். அந்த அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாக இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைப் பற்றி எழுதிவிட்டார். நீங்கள் பார்க்காத அந்த இரண்டாவது கோடு தங்கம்தான்.

சிக்கல் என்னவென்றால், வெள்ளைத் தாளில் சிவப்புக் கறை கண்ணுக்குத் தெரிய நிறையத் துகள் குவிய வேண்டும். ரத்தத்தில் ஆல்புமின் லிட்டருக்குச் சுமார் 40 கிராம். ட்ரோபோனின் டி-க்கு இன்றைய மேல்வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். எடையில் ஏறத்தாழ 300 கோடி மடங்கு வித்தியாசம். அதற்காக ட்ரோபோனின் அங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டால் 14 என்ற அளவிலும் ஒரு சொட்டு ரத்தத்தில் பல லட்சம் மூலக்கூறு இருக்கும். ஆள் இருக்கிறது, கூட்டத்தில் தெரியவில்லை.

அதனால் தங்கத்தை எடுத்துவிட்டு, தானே ஒளிரும் துகளை வைத்து, கண்ணுக்குப் பதிலாக ஓர் ஒளி உணர்வியை வைக்கிறோம். மச்சான் அனுப்பிய செய்தி இதுதான். ஆனால் செய்தியில் பளிச்சென்று ஒளிரும் என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கதை தடம் மாறுகிறது. புத்தாண்டு இரவு பெங்களூர் பிரிகேட் ரோட்டின் வெளிச்சத்தில் ஓர் அகல்விளக்கை வைத்தால் யாருக்கும் தெரியாது. அதையே கரண்ட் போன கிராமத்தில் வைத்தால் மூன்று வயலுக்கு அப்பாலிருந்து தெரியும். புற ஊதா ஒளியை அடித்தவுடன் எங்கள் துகள் மட்டும் ஒளிர்வதில்லை. சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) ஒளிர்கிறது, தாள் ஒளிர்கிறது, பிளாஸ்டிக் உறை ஒளிர்கிறது. எல்லாம் சேர்ந்து பிரிகேட் ரோடு. ஆகவே நாங்கள் பாடுபடுவது இருட்டுக்காக.

இருட்டு உண்டாக்க எனக்குத் தெரிந்த இரண்டு வழி. ஒன்று யூரோப்பியம் என்ற உலோகம். கோயில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் ரீங்காரம் நிற்குமே, அது போல. சீரமும் தாளும் ஒளியை அடித்த சில நானோ விநாடியில் அணைந்துவிடும். யூரோப்பியம் அதைப்போல பல்லாயிரம் மடங்கு நேரம், அரை மில்லி விநாடி வரைகூட, மங்கலாகச் சிவந்துகொண்டே இருக்கும். விளக்கை அணைத்துக் கொஞ்சம் பொறுத்து அளந்தால் ரீங்காரம் மட்டும் கிடைக்கும். பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் இந்த முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே டெஸ்டாக்கிவிட்டார்கள்.

இரண்டாவது வழி என்னுடைய பிழைப்பு. சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு படிகத்தில் கொஞ்சம் இட்டர்பியம், கொஞ்சம் எர்பியம் கலந்தால், கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிக்கொண்டு 540-ல் பச்சையாக உமிழும். சின்ன ஆற்றல் இரண்டைச் சேர்த்துப் பெரிய ஆற்றல் ஒன்று. இரண்டு ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்துத் தொண்ணூறு ரூபாய் வாங்குவது போல, நடுவில் கமிஷன் போகும். ஆனால் அகச்சிவப்பை அடித்தால் ரத்தமும் தாளும் பச்சையாக ஒளிராது. அந்த வித்தை அவற்றுக்குத் தெரியாது. பச்சை தெரிந்தால் அது என் துகள்தான்.

முதல் முறை பார்த்த நாள் மறக்காது. அறையை இருட்டாக்கி, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மாதிரி இருந்த கரைசலுக்குள் லேசரை விட்டேன். குப்பிக்குள் மட்டும் ஒரு பச்சை நூல். குப்பிக்கு வெளியே ஒன்றும் இல்லை.

---

ஜாலஹள்ளி தாத்தா | திங்கள், காலை 9.02

தம்பி, நான் வாட்ச் ஃபேக்டரியில் முப்பது வருடம் இருந்தவன். இருட்டில் ஒளிர்வதை நாங்கள் எல்லாம் ரேடியம் என்போம். பேரனின் அறைக் கூரையில் ஒட்டிய நட்சத்திரமும் ரேடியம்தான், பைக் பின்னால் ஒட்டுவதும் ரேடியம்தான். உங்கள் துகளிலும் கதிர்வீச்சு வருமா? ரத்தத்தில் கலந்தால் ஆபத்து இல்லையா? இன்னொன்று, நம் திருச்சியில் பிறந்து இந்த ஊரில் ஆய்வகம் கட்டிய சர் சி.வி. ராமன் கண்டதும் இதுதானே?

---

இருட்டறை | திங்கள், காலை 9.40

தாத்தா, அந்தக் காலத்து வெளிநாட்டு வாட்ச் டயல்களில் நிஜமான ரேடியம் இருந்தது. பெயர் மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது. பைக்கில் ஒட்டுவது வெறுமனே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர். பேரன் கூரையில் இருக்கும் நட்சத்திரம் நல்ல வகை என்றால் அதில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், கூடவே நான் சொன்ன அதே யூரோப்பியம். பழைய கலர் டிவியின் சிவப்பும் யூரோப்பியம்தான். கதிர்வீச்சு கிடையாது.

துகள் உடம்புக்குள் போவதில்லை. ரத்தம்தான் வெளியே வந்து கார்டில் விழுகிறது. இதே வேலைக்குக் குவாண்டம் டாட் என்ற துகளும் உண்டு, 2023-ல் வேதியியல் நோபல் வாங்கிய விஷயம். அளவை மாற்றினால் நிறம் மாறும். பார்க்க மிக அழகு, ஆனால் பேர்பெற்ற வகைகளில் காட்மியம் இருக்கிறது. உடம்புக்குள் போகாவிட்டாலும் குப்பைக்குப் போகுமே. அதற்காகத்தான் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ராமன் கண்டது 1928-ல், கல்கத்தாவில். அது ஒளி மோதிச் சிதறும்போது நிறம் கொஞ்சம் மாறுவது. இங்கே நடப்பது வாங்கி வைத்து உமிழ்வது. எங்கள் பக்கத்து அறையில் ராமன் அளவீடு செய்பவர்களுக்கு இந்த ஒளிர்வுதான் பெரிய தொல்லை. எங்கள் சோறு அவர்களுக்கு எச்சில்.

---

பிளாங்க் ரீடிங் | திங்கள், மதியம் 1.30

இருட்டறை தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் துறையின் வழக்கமான ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் டெஸ்ட் கிட் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் இருந்தேன். மாதத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையாவது மேஜைக்கு வரும். எல்லாவற்றிலும் உணர்திறன் பிரமாதம், நானோகிராம் போய் பிகோகிராம், அதுவும் போய் ஃபெம்டோகிராம். எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால் சுத்தமான பஃபரில், அதாவது ரத்தமே இல்லாத உப்புக் கரைசலில், கடையில் வாங்கிய ட்ரோபோனினைக் கலந்து அளந்திருப்பார்கள். வெற்று மாதிரியின் ஏற்ற இறக்கத்தை மூன்றால் பெருக்கி, இதுதான் எங்கள் எல்லை என்று கோடு போட்டுவிடுவார்கள்.

மருத்துவமனை கேட்பது வேறு. ஆரோக்கியமான நூறு பேரில் 99 பேர் எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறார்களோ அதுதான் மேல்வரம்பு. ட்ரோபோனின் ஐ-க்குப் பரவலாகப் புழங்கும் ஒரு டெஸ்டில் பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34. ஹை சென்சிடிவிட்டி என்று பெயர் போட்டுக்கொள்ள வேண்டுமானால், ஒரே ரத்தத்தை அந்த எல்லையில் திரும்பத் திரும்ப அளந்தால் எண் பத்து சதவீதத்துக்கு மேல் ஆடக் கூடாது. கூடவே, ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் எண் படிக்க வேண்டும், பூஜ்யம் என்று நழுவக் கூடாது.

இந்தப் பத்து சதவீதத்தில்தான் காகிதக் கார்டுகள் மண்ணைக் கவ்வும். துகள் எவ்வளவு ஒளிர்ந்தாலும் தாள் ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் உறிஞ்சும். ஜூன் மாத ஈரத்தில் ஒரு வேகம், மார்ச் வெயிலில் ஒரு வேகம். ரத்தம் கொழகொழவென்று இருந்தால் இன்னொரு வேகம். நாங்கள் ஒரு முறை இருபது கார்டை வரிசையாக வைத்து ஒரே சீரத்தை விட்டோம். இருபதும் இருபது விதம். மேனேஜர் நடுவில் இருந்த எட்டை எடுத்துக்கொண்டு, பாருங்கள் எவ்வளவு நெருக்கம் என்றார். அன்றைக்குத்தான் வேலை மாற முடிவு செய்தேன்.

---

இருட்டறை | திங்கள், மதியம் 2.10

அண்ணா, மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. என் வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துகளை ஓலெயிக் அமிலத்தில் 300 டிகிரியில் சமைப்போம், அறையே பழைய எண்ணெய்ச் சட்டி மாதிரி நாறும். அந்த எண்ணெயோடு அது தண்ணீரில் கலக்காது. மேலே சிலிக்கா போர்த்தி, அதில் ஆன்டிபாடியை ஒட்டுவோம். தண்ணீருக்கு வந்த உடனே ஒளி பாதிக்குமேல் போய்விடும். ஏற்கனவே இந்தத் துகள் வாங்குகிற நூறில் ஒன்றைக்கூடத் திருப்பித் தராத கஞ்சன். அதனால் மேலே இன்னோர் ஓடு வளர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து பஃபரில் பிரமாதமாக வந்தது. பேராசிரியருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் நிஜ சீரத்தில் போட்டேன். எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்துவிட்டது. ரத்தத்துப் புரதங்கள் எல்லாம் துகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன, ஆன்டிபாடி எங்கோ அடியில். அதைச் சரி செய்ய பதினான்கு மாதம் ஆனது. கட்டுரையில் அது ஒரே வரி.

ஆனால் ஒன்றில் உங்களோடு சண்டை உண்டு. தாளின் ஆட்டத்தைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. கன்ட்ரோல் கோட்டின் (எப்போதும் விழும் முதல் கோடு) ஒளியால் டெஸ்ட் கோட்டின் ஒளியை வகுத்தால் பாதி ஆட்டம் கழிந்துவிடும். எர்பியத்துக்குப் பச்சை, தூலியத்துக்கு நீலம் என்று இரண்டு துகளை ஒரே இடத்தில் வைத்தால் இன்னும் கொஞ்சம். துர்க்குக்காரர்கள் இந்த வகைத் துகளை வைத்துக் காகிதக் கார்டிலேயே ட்ரோபோனின் ஐ-யை அளந்து 2021-ல் வெளியிட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

---

பிளாங்க் ரீடிங் | திங்கள், மதியம் 2.25

முடியாது என்று சொல்லவில்லை. மச்சான் செய்தி அனுப்புகிற வேகத்தில் முடியாது என்கிறேன்.

---

நைட் டூட்டி | செவ்வாய், காலை 8.50

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். காபி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் எல்லோரும் ஒளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். மீனா, அப்பாவுக்கு வலி தொடங்கியது 11, ரத்தம் எடுத்தது 11.40. நாற்பது நிமிடத்தில் ட்ரோபோனின் தசையை விட்டு ரத்தத்துக்கு வந்து சேர நேரமே இல்லை. பழைய டெஸ்டுகளில் ஏறுவது தெரிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். இன்றைய நுணுக்கமான டெஸ்டில் அதைவிட முன்னால் தெரியும், ஆனாலும் வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த ஒற்றை நெகட்டிவை நான் நம்புவதில்லை. எந்தத் துகள் ஒளிர்ந்தாலும் சரி.

வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. அதில் எஸ்டி ஏற்றம், அதாவது பெரிய அடைப்பைக் காட்டும் கோட்டு உயர்வு, தெரிந்தால் ட்ரோபோனினுக்குக் காத்திருக்கவே மாட்டோம், நேராக அடைப்பைத் திறக்கும் கேத் லேப். தெரியவில்லை என்றால் ரத்தம். அப்புறம் இடைவெளி விட்டு மறுபடி ரத்தம். நுணுக்கமான டெஸ்ட் இருக்கும் இடத்தில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில், இல்லாத இடத்தில் மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில். வலி தொடர்ந்தால் நடுநடுவே ஈசிஜியும் மறுபடி. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் விடை. மாரடைப்புக்கு 2018-ல் எழுதிய உலகளாவிய வரையறையே அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்கிறது. அப்பாவுக்கு 480-ஐ விட, 480 மூன்று மணி நேரத்தில் 1,900 ஆனதுதான் எங்களுக்குப் பேசும்.

ஏன் என்று கேட்டால், ட்ரோபோனின் இதயத் தசை காயம் என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வருடம் முழுக்க மேல்வரம்பைத் தாண்டியே இருக்கும். கடும் தொற்று, நுரையீரலில் ரத்தக்கட்டி, இதயத் தசை அழற்சி எதிலும் ஏறும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவருக்கு ஏறியதையும் பார்த்திருக்கிறேன், ஆள் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டெஸ்ட் நுணுக்கமாக ஆக ஆக எங்களுக்கு இந்த மாதிரிப் பேஷன்ட்கள் கூடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அடைப்பு இருக்கும், வலி வரும், தசை இன்னும் சாகவில்லை, ட்ரோபோனின் சாதாரணம். அதுவும் வீட்டுக்கு அனுப்புகிற கேஸ் இல்லை.

---

அல்சூர் மீனா | செவ்வாய், காலை 9.30

அப்படியானால் தப்பு கார்டில் இல்லை. ஒரு முறை பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மணி நேரம் இங்கேயே படுங்கள், மறுபடி பார்க்கலாம் என்று யாரும் சொல்லாததில் இருக்கிறது. சொல்லியிருந்தால் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அப்பாவே எழுந்து போகலாம் என்றார்தான், ஆனாலும்.

---

நைட் டூட்டி | செவ்வாய், காலை 9.36

ஆமாம். அந்த "ஹார்ட் சுத்தம்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அந்த கார்டுக்கு அப்படிச் சொல்லும் தகுதி கிடையாது.

---

சிவப்புமூடி | செவ்வாய், இரவு 9.15

டாக்டர் சொன்னதற்குத் தலை வணங்குகிறேன். லேப் பக்கத்துக் கதை இரண்டு சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, இருட்டறை தம்பி எதிர்காலம் மாதிரிப் பேசும் யூரோப்பியம் ஏற்கனவே எங்கள் மேஜையில் இருக்கிறது. டிஃபன் டப்பா அளவுக்கு ஒரு மெஷின். கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளினால் பதினைந்து நிமிடத்தில் சீட்டில் எண் அடித்துத் தரும். ட்ரோபோனின், ரத்தக்கட்டிக்குப் பார்க்கும் டி-டைமர், இதயம் திணறினால் பார்க்கும் என்டி-ப்ரோபிஎன்பி எல்லாம் ஓடுகிறது. கோட்டைச் சாய்த்துப் பார்க்கும் சண்டை ஓய்ந்தது. ஆனால் இதன் எண்ணும் பெரிய மருத்துவமனை எண்ணும் ஒன்றாக வராது. ஒவ்வொரு கம்பெனி ஆன்டிபாடியும் ட்ரோபோனினை ஒவ்வோர் இடத்தில் பிடிக்கிறது. இங்கே 60, அங்கே 95 என்று வந்தால் ஏறிவிட்டது என்று பதறுவார்கள். ஏறியதா என்று பார்க்க அதே மெஷினில்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முடி. இந்த ஊர் போர் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று தெருவுக்கு நான்கு பேர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பெரிய அனலைசர்களில் சிலவற்றில் பிடிமானமே பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று கட்டிக்கொள்வதில்தான் இருக்கிறது. ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் நிறைய இருந்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ட்ரோபோனின் நிஜத்தைவிடக் குறைவாகப் படிக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரிக்கை விட்டது, அதில் ஒரு மரணத்தையும் குறிப்பிட்டார்கள். இப்போது வரும் ரியேஜென்ட்களில் (டெஸ்ட் ரசாயனங்களில்) பலவற்றைத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சுகர், பிரஷர் மட்டும் சொல்வார்கள். முடி மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை.

---

வழிப்போக்கன் | செவ்வாய், இரவு 9.31

வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார். பத்தாயிரம் மைக்ரோகிராம் என்று டப்பாவில் இருக்கிறது. இது அதிகமா?

---

சிவப்புமூடி | செவ்வாய், இரவு 9.38

நாளுக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். கணக்கு நீங்களே போடுங்கள். ரத்தம் கொடுக்கும்போது சொல்லிவிடச் சொல்லுங்கள், டாக்டரிடமும்.

---

ஜாலஹள்ளி தாத்தா | புதன், காலை 6.20

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு குறை சொல்கிறீர்களே, அப்படியானால் அந்தப் பெரிய மெஷினையே எல்லா இடத்திலும் வைத்தால் என்ன? நான் ஜாலஹள்ளியில் இருக்கிறேன், நாலு ஆஸ்பத்திரி உண்டு. என் மைத்துனன் தொட்டபள்ளாபுரம் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறான்.

---

பிளாங்க் ரீடிங் | புதன், காலை 10.05

தாத்தா கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. பெரிய மெஷின் ஒரு பீரோ அளவு, சிலது அதைவிடப் பெரிது. ஏசி அறை, தடையில்லாத மின்சாரம், குளிரில் வைக்கும் ரியேஜென்ட், தினமும் காலையில் அளவு தெரிந்த மாதிரியை ஓட்டிச் சரிபார்க்க ஓர் ஆள். அதற்குள்ளும் ஒளிதான். சிலதில் ருத்தீனியம் மின்சாரம் பட்டு ஒளிர்கிறது, சிலதில் அக்ரிடினியம் வேதிவினையில் ஒளிர்கிறது. ஒரு நாளைக்கு நான்கு நெஞ்சுவலி வரும் இடத்தில் அதை வைத்தால் ரியேஜென்ட் காலாவதியாகியே கம்பெனி வாழும்.

அதனால் கிண்டல் செய்தேனே தவிர, இருட்டறை தம்பி செய்வது எனக்கு வேண்டும். எங்கே வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. அல்சூரில் பத்து நிமிடத்தில் இதய மருத்துவமனை போய்விடலாம், இங்கே அது ஆடம்பரம். கர்நாடக அரசு புனித் ராஜ்குமார் பெயரில் நடத்தும் ஹிருதய ஜோதி திட்டத்தில் தாலுகா மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, பெரிய அடைப்பு என்று தெரிந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மீனாவின் அப்பா மாதிரி ஈசிஜியில் பிடிபடாத ஆள் அங்கே வந்தால்? அவருக்கு வேண்டியது உள்ளங்கை மெஷின், இரண்டு கார்ட்ரிட்ஜ், நடுவில் மூன்று மணி நேரம் ஒரு கட்டில்.

---

இருட்டறை | புதன், காலை 10.40

இரண்டு கார்ட்ரிட்ஜ். இதை யாரும் எங்களிடம் சொன்னதே இல்லை, அண்ணா. நாங்கள் ஒரே அளவீட்டின் எல்லையைத்தான் துரத்துகிறோம். ஒரே ஆளின் இரண்டு அளவீட்டுக்கு நடுவில் எவ்வளவு வித்தியாசத்தை நம்பலாம் என்று நான் ஒரு நாள்கூட அளந்ததில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுக்கிறேன். பேராசிரியர், இன்னும் ஆறு மாதமா என்று கேட்பார்.

---

நைட் டூட்டி | புதன், மாலை 4.15

கேட்கட்டும். மீனா, ஒரு சின்ன வேலை. அப்பாவின் இப்போதைய ஈசிஜியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் அம்மா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாளை எந்த எமர்ஜென்சிக்குப் போனாலும் பழைய ஈசிஜி பக்கத்தில் இருந்தால் புதிதாக எது மாறியது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு நானோ எதுவும் வேண்டாம்.

---

அல்சூர் மீனா | புதன், இரவு 8.50

எடுத்துவிட்டேன். பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறேன். இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். யூனிட் விஷயத்தில் மட்டும் நிறுத்தி, மறுபடி படி என்றார். அப்புறம், "சர்க்கரை மூட்டையில் கிலோவா குவிண்டாலா என்று பார்க்காமல் கையெழுத்து போட்டால் ஸ்டோர்ஸில் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள்" என்றார். முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பர்.

---

சிவப்புமூடி | வெள்ளி, இரவு 10.30

உங்கள் அப்பா சொன்னதைப் படித்த மறுநாள் ஒரு காரியம் செய்தேன். எங்கள் லேபில் இன்னும் கொஞ்சம் பழைய கார்டு மீதி இருக்கிறது, இரவில் மெஷின் மக்கர் செய்தால் அதைத்தான் போடுவோம். கார்டு டப்பாவின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: "0.5 என்றால் பெரிய லேப் கணக்கில் 500. ஆண்களுக்கு வரம்பு 34-ஐ ஒட்டி. ஒரே கோடு வந்தால் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி. வலி எப்போது தொடங்கியது என்று கேட்டு ரிப்போர்ட்டில் எழுது." தமிழிலும் கன்னடத்திலும்.

ஓனர் காலையில் வந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். "அப்போ நாம இதை ஏன் வாங்குறோம்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. டப்பாவில் இன்னும் பதினொரு கார்டு இருக்கிறது.